கருமணலும் மரச்சீனியும்: தெற்குத் திருவிதாங்கூரில் தாளம் தப்பிய இதயங்கள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே சந்தைக்கும் ஒரே திருவிழாவுக்கும் போய்வந்த பாறசாலையும் களியக்காவிளையும் இரு மாநிலங்களின் ஊர்களாயின. பள்ளிக்கூடத்தின் மொழி மாறிற்று. நில ஆவணத்தின் மொழியும் மாறிற்று. நோயாளிகள் நடந்த வழி மட்டும் பெரிதாக மாறவில்லை. தெற்கே 1838இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனை, வடக்கே 1951இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி என்று இவ்விரண்டுக்கும் நடுவிலேயே இக்கிராமங்களின் நோய் வரலாறு நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது.

கடலோரத்தைப் பார்த்தால் இப்பகுதிக்கு இன்னொரு நடுவும் உண்டு. தெற்கே மணவாளக்குறிச்சி, வடக்கே சவறை. இந்தியாவின் புகழ்பெற்ற இரு கருமணல் படிவுகள் இவை. நெய்யாறு பூவாறில் கடலைச் சேரும் கரை இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தெற்குக் கேரளத்தின் இந்தக் கடலோர நாட்டுக்கு இதய மருத்துவ உலகில் ஒரு தனிப் பெயர் இருந்தது. எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக இ.எம்.எஃப். என்று அழைக்கப்படும் நோய், உகாண்டா, நைஜீரியா, பிரேசில் முதலிய நாடுகளின் சில பகுதிகளை விட்டால் இவ்வளவு மிகுதியாகக் காணப்பட்ட இடங்கள் உலகில் மிகச் சிலவே. இதயத்தின் உட்சுவரில் நார்த்தழும்பு படர்ந்து, அறைகளைச் சிறிது சிறிதாக அடைத்து, இறுதியில் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கும் நோய் அது. பெரும்பாலும் ஏழைகளையே பிடித்தது. அவர்களிலும் பதின்வயதினரையும் இளைஞரையும் மிகுதியாகப் பிடித்தது. இன்று அது புதிதாக வருவது அரிது. ஏன் வந்தது, ஏன் போயிற்று என்ற இரண்டு வினாக்களுக்கும் எல்லாரும் ஒப்பும் விடை இல்லை.

இந்நோய் செய்த கேட்டை உணர, இதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

இதயம் மூளையின் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிறகும் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டிருப்பதைப் பழங்காலத்தவரே கண்டிருந்தனர். துடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் தெரியாதிருந்தது. 1839இல் யான் புர்கின்யே ஆட்டு இதயத்தின் கீழறைச் சுவரில் தனித்தன்மையுள்ள இழைகளைக் கண்டார். அவற்றின் பயன் அவருக்கு விளங்கவில்லை. 1893இல் வில்லெம் ஹிஸ் மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் ஒரு தசைக்கற்றையைக் கண்டார். 1906இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் அஷோஃப் என்பாரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, அந்தக் கற்றையின் தலைப்பில் ஒரு கணு இருப்பதையும், கற்றை கிளைவிட்டுப் பிரிந்து புர்கின்யே கண்ட அதே இழைகளாக முடிவதையும் காட்டினார். அறுபத்தேழு ஆண்டுகள் பொருள் விளங்காமல் கிடந்த இழைகளுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. மறு ஆண்டு, 1907இல், ஆர்தர் கீத்தும் அவருடைய மாணவர் மார்ட்டின் ஃபிளாக்கும் வலது மேலறையில் மேற்பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில் ஒரு சிறு திரளை விவரித்தனர். அதை ஃபிளாக் முதலில் கண்டது ஓர் அகழெலியின் இதயத்தில். சைனஸ் கணு என்று இன்று வழங்கும் அத்திரளே துடிப்பின் ஊற்றுக்கண்.

அந்தக் கணுவின் உயிரணுக்கள் ஓய்ந்திருக்க அறியாதவை. சோடியம், கால்சியம் அயனிகள் அவற்றின் சவ்வு வழியே மெல்லக் கசிந்து உள்ளே வர, மின்னழுத்தம் தானே ஏறுகிறது, ஓர் எல்லையைத் தொட்டதும் மின்தூண்டல் வெடித்தெழுகிறது, பொட்டாசியம் வெளியேற அழுத்தம் மீண்டும் தாழ்கிறது, மறுபடியும் கசிவு. ஓய்விலிருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை இது நிகழும். நரம்புகள் இவ்வேகத்தைக் கூட்டும், குறைக்கும், உண்டாக்குவதில்லை. எழுந்த தூண்டல் மேலறைச் சுவரெங்கும் பரவி, தவாரா கண்ட கணுவை அடைந்ததும் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தயங்குகிறது. இந்தத் தயக்கம் பழுதன்று. மேலறைகள் தம்மிடமுள்ள குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளி முடிக்க அது இடம் தருகிறது. பின்னர் ஹிஸ் கற்றை வழியே தூண்டல் விரைந்திறங்கி, புர்கின்யே இழைகளால் இரு கீழறைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சேர்கிறது. மேலறையையும் கீழறையையும் பிரிக்கும் நார்வளையம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே நலமான இதயத்தில் மேலிருந்து கீழே போகத் தவாராவின் கணு ஒன்றே வாசல்.

மின்கம்பி வேறு, எந்திரம் வேறு என்னும் உவமை இங்கே சற்று வழிதவறச் செய்வது. இதயத்தில் மின்சாரம் செல்லும் பாதையும் தசைதான். சுருங்கும் பொருளும் தசைதான். சுவர் இழுபட்டால் பாதையும் இழுபடும். தசைக்கு நடுவே தழும்பு விழுந்தால் தூண்டல் அதைச் சுற்றிப் போகவேண்டும். சுற்றிப் போகும் தூண்டல் சில வேளைகளில் தான் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து, ஓய்வு முடிந்திருந்த தசையை மறுபடி எழுப்பும். இவ்வாறான சுழல்கள் மேலறையில் பலவாகத் தோன்றி ஒன்றையொன்று முட்டி மோதும் நிலையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை நடுக்கம். அப்போது மேலறை நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை ஒழுங்கற்ற தூண்டல்களால் அலைக்கழிக்கப்படுகிறது. அது சுருங்குவதில்லை; நடுங்குகிறது. தவாராவின் கணு அத்தனை தூண்டலையும் கீழே விடாது. கிடைத்தவற்றில் சிலவற்றை விடும், பலவற்றை மறிக்கும். எனவே மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி ஒன்றோடொன்று ஒவ்வாத இடைவெளிகளில் தட்டும்.

ஒழுங்கின்மையிலும் ஒழுங்கின்றி ஓடும் அந்த நாடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் 'இதயத்தின் பிதற்றல்' என்ற பொருளுடைய இலத்தீன் தொடரால் குறித்தனர். அது மேலறையின் நடுக்கமே என்பதை 1909இல் இலண்டனில் தாமஸ் லூயிஸும் வியன்னாவில் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் ஆகியோரும் இசிஜி துணைகொண்டு காட்டினர். ஐன்தோவனின் இசிஜி கருவி வந்து அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் நாடியின் நடையை மயில், கோழி, அன்னம், ஆமை, அட்டை, தவளை, பாம்பு ஆகியவற்றின் நடையோடு ஒப்பிடும் மரபு உண்டு. அந்த ஒப்பீடுகளில் இன்றைய நோய்ப்பெயர்களைத் தேடிப் பொருத்துவது ஆய்வு முறையாகாது. எண்ணிக்கையை மட்டுமன்றி நடையையும் விரல் கவனிக்கவேண்டும் என்று அம்மரபு கருதியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இனி நோய்க்கு வருவோம். இ.எம்.எஃப். முதலில் தாக்குவது கீழறைகளின் நுனிப்பகுதியையும், குருதி உள்ளே வரும் பாதையின் உட்சுவரையும். அங்கே வெண்ணிறமான தடித்த நார்ப்படலம் படர்கிறது. சிலருக்கு அதில் சுண்ணமும் படிகிறது. அறையின் நுனி அடைபட்டுக் கொள்ளளவு குறைகிறது. வால்வுகளைத் தாங்கும் தசைத்தூண்கள் தழும்புக்குள் புதைந்துபோவதால் வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி மேலறைக்கே பின்வாங்குகிறது. கீழறை விரிய மறுப்பதாலும் குருதி திரும்பி வருவதாலும் மேலறை வீங்குகிறது. வலப்புற நோயில் வலது மேலறை நம்பமுடியாத அளவுக்குப் பெருத்துப்போவதுண்டு. இழுபட்ட சுவர், அதன் இடையே நார், மெலிந்த தசை: சுழல் தோன்ற வேண்டிய அனைத்தும் அங்கே கூடிவிடுகின்றன. மேலறை நடுக்கம் இந்நோயாளிகளிடம் அடிக்கடி காணப்பட்டது இவ்வாறே. நடுங்கும் மேலறையில் குருதி தேங்கிக் கட்டியாகும். இடப்புறக் கட்டி மூளைக்கும், வலப்புறக் கட்டி நுரையீரலுக்கும் போகும்.

நலமான இதயத்தில் மேலறை நடுங்கினாலும் கீழறை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். விரிய இயலாத கீழறைக்கு மேலறையின் கடைசித் தள்ளலும், குருதி நிரம்பப் போதிய நேரமும் பெரிய துணை. நடுக்கம் வந்ததும் அவ்விரண்டும் ஒருசேரப் போய்விடுகின்றன. அதுவரை தட்டுத் தடுமாறி நடமாடிய ஒருவர் படுக்கையில் விழுவதற்கு அதுவே போதும்.

வெளியே தெரிந்த தோற்றம் வேறுவகையானது. வலப்புற நோயில் கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கும், கல்லீரல் பெருத்திருக்கும், வயிறு நீர்கோத்துப் பானைபோல் முன்தள்ளும். கைகால்களோ மெலிந்து குச்சியாயிருக்கும். வயிற்றின் வீக்கத்தோடு ஒப்பிட்டால் கால்வீக்கம் மிகக் குறைவு. பருவ வயதை எட்டியும் உடல் சிறுவருடையதாகவே நின்றுவிடும். இத்தோற்றத்தைக் கண்டு கல்லீரல் நோய் என்று எண்ணியவர் உண்டு. காசநோயால் இதய உறை இறுகிப்போதல் இதே போன்ற அறிகுறிகளைத் தருவது. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதாதலும் ஓரளவு ஒத்திருக்கும். மூன்றும் ஏழைகளின் நோய்களே. எக்கோ கருவி வருமுன் இவற்றை உயிரோடிருப்பவரிடம் பிரித்தறிவது கடினம். பலருக்கு நோயின் பெயர் பிணக்கூற்று ஆய்வில்தான் தெரிந்தது.

நோயின் பெயரே வெகு பழையதன்று. இரண்டாம் உலகப்போரில் மேற்கு ஆப்பிரிக்கப் படைவீரர் சிலரிடம் காரணம் தெரியாத இதயச் செயலிழப்பைக் கண்டு பெட்ஃபோர்டு, கான்ஸ்டம் ஆகிய இருவர் 1946இல் எழுதினர். 1948இல் உகாண்டாவின் கம்பாலாவில் ஜே. என். பி. டேவிஸ் அதைத் தனி நோயாக வரையறுத்தார். தென்னிந்தியாவிலும் அது உண்டென்று 1960 முதல் கட்டுரைகள் வரலாயின. 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் சி. கே. கோபி எழுதிய கட்டுரை கேரளத்து நோயாளிகளை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இந்நோய் பேசப்படலாயிற்று என்பது கவனத்திற்குரியது. கல்லூரி வந்ததால் நோய் வரவில்லை. பார்ப்பவர் வந்ததால் கண்ணுக்குப் பட்டது. அதற்கு முந்திய தலைமுறைகளில் 'மகோதரம்' என்றும் 'சோகை' என்றும் பெயரிட்டுப் புதைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருடைய இதயம் இறுகிப்போயிருந்தது என்பதை இனி எந்த ஆவணமும் சொல்லாது.

1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பல்மாடிக் கட்டடத்தை மக்களுக்கென அரசிடம் அளித்தது. அதுவே வளர்ந்து 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆயிற்று. அதன் முதல் இயக்குநர் எம். எஸ். வலியத்தான் இதய அறுவை மருத்துவர். மருந்துகள் ஒரு கட்டத்திற்குமேல் உதவாத நோய் இது. சிறுநீர் பெருக்கும் மருந்து வயிற்று நீரை வடிக்கும். டிஜாக்சின் தவாராவின் கணுவைத் தாமதப்படுத்தி நாடியை அடக்கும். தழும்பு அப்படியே இருக்கும். எனவே அறையைத் திறந்து நார்ப்படலத்தை உரித்தெடுத்து, பழுதான வால்வை மாற்றும் அறுவையை வலியத்தானும் குழுவினரும் மேற்கொண்டனர். பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் தொடங்கி வைத்த முறை அது.

அந்த அறுவையின் இடர்களுள் ஒன்று நேரே மின்பாதையைப் பற்றியது. உரிக்கவேண்டிய தழும்பு, வலப்புறத்தில் தவாராவின் கணுவும் ஹிஸ் கற்றையும் கடந்துபோகும் இடத்தை நெருங்கியே கிடக்கும். கத்தி சற்று ஆழமாகப் போனால் மேலறைக்கும் கீழறைக்கும் இருக்கும் ஒரே வாசல் அடைபடும். பின்னர் கீழறை தன் சொந்த வேகத்தில், நிமிடத்திற்கு 20 முதல் 40 வரை மட்டுமே துடிக்கும். பேஸ்மேக்கர் வைக்காமல் தீராது. 1970களிலும் 80களிலும் இறக்குமதியாகி வந்த வால்வும் பேஸ்மேக்கரும் ஒரு கயிறுதிரிப்பவர் குடும்பத்திற்கு என்ன விலை என்பதை விளக்கத் தேவையில்லை. திருவனந்தபுரத்திலேயே வால்வு செய்யவேண்டும் என்று அந்நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று, தோற்று, மறுபடி வடிவமைத்து, 1990 டிசம்பரில் முதல் 'சித்ரா' வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தியதன் பின்னணியில் வாதக் காய்ச்சலோடு இத்தகைய நோயாளிகளும் நிற்கின்றனர்.

இனி காரணத் தேடல். இங்கேதான் வரலாறு சுவையாகிறது. ஓரளவு துயரமாகவும் ஆகிறது.

முதல் ஐயம் குடற்புழுக்களின் மீதும் யானைக்கால் புழுவின் மீதும் விழுந்தது. புழுத்தொற்றில் குருதியில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகும். அவை வெளியிடும் புரதங்கள் இதயத்தின் உட்சுவரைப் புண்ணாக்கவல்லவை. 1936இல் சுவிட்சர்லாந்தில் லோஃப்லர் என்பார் ஈசினோஃபில் மிகுந்தவர்களிடம் இதே போன்ற இதயத் தழும்பை விவரித்திருந்தார். கேரளக் கடலோரத்தில் யானைக்கால் நோய் அன்று பரவலாக இருந்தது. வெறுங்காலோடு மண்ணில் நடப்போருக்குக் கொக்கிப்புழு தவறாது. பொருத்தம் நன்றாகவே இருந்தது. ஆயினும் நோய் முற்றி மருத்துவமனைக்கு வந்தவர் பலரிடம் ஈசினோஃபில் மிகுதி காணப்படவில்லை. அது முன்பே வந்து போயிருக்கலாம் என்பது ஒரு விடை. வந்து போனதற்குச் சான்று கேட்டால் அவ்விடை மௌனமாகிவிடும்.

இரண்டாவது விடை மண்ணிலிருந்து வந்தது. 1909 அளவில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்துசேர்ந்தார். வாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அணுவாற்றலின் காலம் வந்தபின் அதே மணல் நாட்டின் பாதுகாப்புச் சொத்தாயிற்று. மோனசைட்டில் தோரியத்தைவிட மிகுதியாக இருப்பது சீரியம் முதலிய அருமண் தனிமங்கள். 1980களின் பிற்பகுதியில் வலியத்தானும் நோய்க்கூற்றியலாளர் சி. சி. கார்த்தாவும் அவர்களோடு சேர்ந்தோரும், இந்நோயால் இறந்தவர்களின் இதயத்தசையில் சீரியம் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருப்பதாகக் கண்டு, நோய்க்கு மண்ணியல் அடிப்படை உண்டென்று முன்மொழிந்தனர். கருமணல் நிலத்தில் விளையும் கிழங்குகள் சீரியத்தை ஏற்கின்றன. மக்னீசியம் குறைந்த உடல் அதை எதிர்க்க இயலாமல் நார்த்தழும்பை வளர்க்கிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எலிகளிடம் செய்த ஆய்வுகளில் மக்னீசியக் குறையும் சீரியமும் சேர்ந்தால் இதயத்தில் நார் மிகுவது தெரிந்தது. 1996இல் ராமன் குட்டியும் கார்த்தாவும் பிறரும் தெற்குக் கேரளத்தில் நோய் எவ்வாறு பரவியுள்ளது என்பதை நிலப்படத்தில் வைத்து ஆராய்ந்தனர்.

மக்னீசியம் தழும்போடு மட்டும் தொடர்புடையதன்று. உயிரணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொணரும் ஏற்றி வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். அது குறைந்தால் மின்னழுத்தம் நிலைகுலையும். அகாலத் துடிப்புகள் தோன்றும். குறையுணவு உண்ட ஒரு உடலில் தாளத்தைக் குலைக்கத் தழும்பு ஒருபுறமும் உப்புக்குறை மறுபுறமும் நின்றன என்று கருத இடமுண்டு.

மூன்றாவது ஐயம் கிழங்கின் மீதே விழுந்தது. தமிழ்நாட்டில் மரவள்ளி, மத்தியத் திருவிதாங்கூரில் கப்பை, வடக்கே சில இடங்களில் கொள்ளி என்று வழங்கும் இக்கிழங்குக்குப் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் ஒரே பெயர்: மரச்சீனி. மாநில எல்லை அறியாத சொற்களில் அது ஒன்று. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இக்கிழங்குப் பயிரைப் பரப்ப முனைந்தார். அது ஏழைகளின் அன்றாட உணவாகி நிலைபெற்றதற்கு இன்னொரு பெரிய காரணம் போர். 1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் திருவிதாங்கூருக்கு அரிசி வரத்து நின்றது. பஞ்சத்தைக் கடந்தவர்கள் மரச்சீனியால் கடந்தனர். புன்செய்த் துண்டில், மணற்பாங்கில், அதிக எருவின்றி விளைந்து வயிற்றை நிரப்பும் பயிர் வேறு எது? அதில் புரதம் மிகக் குறைவு என்பதும், சயனைடு தரும் பொருள் உண்டு என்பதும் பின்னர் பேசப்பட்டன. உகாண்டாவில் செசி என்பார் புரதக்குறைவான மரவள்ளி உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து இதயத்தில் மாற்றம் உண்டாவதை 1996இல் எழுதினார். உகாண்டாவின் உள்ளூர் மக்களைவிட ருவாண்டா, புருண்டியிலிருந்து குடியேறிய ஏழைக் கூலிகளிடமே இந்நோய் மிகுந்திருந்தது என்ற பழைய அவதானிப்போடு இதைச் சேர்த்து வாசித்தவர் உண்டு. முன்னர் அங்கே வாழைக்காயைக்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தனர். ஏழைகள் எதை உண்டார்களோ அதையே நோய்க்குக் காரணமாக்கும் பழக்கம் மருத்துவத்தில் புதிதன்று.

இம்மூன்று விடைகளையும் ஒருவர் அமைதியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நோய் கையைவிட்டு நழுவிற்று. 1990களுக்குப் பின் கேரளத்தில் புதிய நோயாளிகள் குறைந்தனர். வந்தவர்களும் முன்போல் சிறுவராக இல்லாமல் நடுவயதினராக இருந்தனர். 2009இல் ஸ்ரீ சித்திரை நிறுவனத்தின் எஸ். சிவசங்கரன் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே மறைந்துகொண்டிருக்கும் ஒரு புதிரின் கதை என்று அமைந்தது.

மறைவு ஒரு சான்றும் ஆகும். கருமணல் எங்கும் போகவில்லை. சீரியம் அங்கேயே கிடக்கிறது. மரச்சீனி இன்றும் மீன்குழம்போடு உண்ணப்படுகிறது. தேநீர்க் கடைகளில் அதற்கு மதிப்பு கூடவே செய்திருக்கிறது. மண் மட்டுமே குற்றவாளியாயிருந்தால் நோய் நின்றிருக்கவேண்டும். கிழங்கு மட்டுமே குற்றவாளி என்றாலும் அவ்வாறே. மாறியவை வேறு. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குடியிருப்பு மண்ணைக் குடிகிடப்புக்காரருக்கு உரியதாக்கிற்று. ரேஷன் கடை அரிசியைக் கொணர்ந்தது. பள்ளி மதிய உணவு, கழிப்பறை, காலில் செருப்பு, புழு மருந்து, வளைகுடா நாட்டுப் பணம் ஆகியவை ஒரே தலைமுறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மரச்சீனி மட்டும் இருந்த தட்டில் மீனும் பருப்பும் முட்டையும் சேர்ந்தன. இவற்றுள் எது நோயை விரட்டிற்று என்று தனித்துச் சுட்ட இயலாது. எல்லாம் ஒன்றாக வந்ததே அதற்குக் காரணம். மண் தன்னளவில் நோய் தரவில்லை, பசித்த உடலைக் கண்ட இடத்தில் தந்தது என்று கொள்வதே கிடைத்த சான்றுகளுக்கு மிக அணுக்கமாகப் பொருந்துகிறது. சீரியமும் மக்னீசியமும் பற்றிய வலியத்தான், கார்த்தா ஆகியோரின் வாதமும் உண்மையில் இதற்குப் பகையன்று. மக்னீசியக் குறை என்பது தட்டின் வரலாறுதானே.

வறுமை நீங்காத இடத்தில் நோயும் நீங்கவில்லை. மொசாம்பிக்கின் இன்யாரிமே என்னும் கடலோர மாவட்டத்தில் மோகும்பி என்னும் மருத்துவரும் குழுவினரும் ஊர் ஊராக எக்கோ கருவியோடு சென்று தற்செயலாகத் தேர்ந்தவர்களைச் சோதித்தனர். 2008இல் வெளியான அம்முடிவின்படி 19.8 விழுக்காட்டினரிடம் இந்நோயின் தடயம் இருந்தது. அவர்களுள் பலர் தமக்கு நோய் என்று அறியாதவர்கள். திருவிதாங்கூரில் நோய் உச்சத்தில் இருந்த காலத்தில் இத்தகைய ஊர்வலச் சோதனைக்கு எக்கோ கருவி இல்லை. கருவி பரவலானபோது சோதிக்க நோய் இல்லை. ஆகவே ஓர் உச்சகாலக் கிராமத்தில் நூற்றுக்கு எத்தனை இதயங்கள் தழும்பேறியிருந்தன என்னும் எண் கேரள வரலாற்றில் நிரப்பப்படாமலே போயிற்று. மருத்துவமனை வாசலை எட்டியவர்களின் பட்டியல் மட்டுமே மிஞ்சியது.

எல்லைப்புறத் தமிழிலும் மலையாளத்திலும் நோய்க்குத் 'தீனம்' என்று ஒரு சொல் உண்டு. வடமொழியில் 'தீன' என்பது எளியவன், வறியவன், இரங்கத்தக்கவன் என்று பொருள்படும். வறுமை நிலையைக் குறித்த சொல் இந்நாட்டில் எவ்வாறோ உடல்நோயின் பெயராய் இறங்கிவிட்டது. 'அவனுக்குத் தீனம்' என்னும் தொடரில் இன்று வறுமையை யாரும் கேட்பதில்லை. இதயத்தின் துடிப்பை இரு மொழியாரும் 'நெஞ்சிடிப்பு' என்றும் சொல்வர். இந்தச் சொல்லில் உள்ள இடி, மேலறை நடுக்கம் வந்தவர் தம் உணர்வை விவரிக்கையில் சொல்லும் சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது.

இன்று பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஒருவருடைய நாடி ஒழுங்கின்றி ஓடுமானால் மருத்துவர் முதலில் ஐயுறுவது முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு மிகுதி, பழைய வாதக் காய்ச்சல் வால்வு ஆகியவற்றை. இசிஜி தாள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். மேலறையின் ஒழுங்கான மேட்டலை மறைந்து அடிக்கோடு நடுங்கும், பெரிய அலைகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வரும். இ.எம்.எஃப். காலத்தில் பிழைத்தவர்களுள் சிலர் இன்னும் இருக்கின்றனர். மாற்றிய வால்வுக்காகவும் நடுங்கும் மேலறைக்காகவும் குருதி உறையாமைக்கு வார்ஃபரின் மாத்திரை உண்டு, குறித்த நாளில் உறைதல் நேரத்தை அளந்து வருபவர்கள் அவர்கள். வலியத்தானும் உகாண்டாவின் சோமர்ஸும் கார்த்தாவும் சேர்ந்து பதிப்பித்த இந்நோய் பற்றிய பெருநூல் 1993இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. அந்நூல் அச்சேறிய ஆண்டுகளிலேயே திருவனந்தபுரத்துப் படுக்கைகளில் அந்த நோய் குறையத் தொடங்கியிருந்தது.